பொருளாக்கும் கல்வியும் நம் பட்டறையும்

(நமது சங்கத்தின் வருடாந்தர மகாசபையில் நிகழ்த்திய பிரசங்கம்)



எஞ்சினீயரிங் கலாசாலை மாணாக்கர்க்குப் புதுப்பொருளை வடிவமைத்து ஆக்கும் வித்தையை எங்ஙனம் கற்பிப்பது என்பதே யாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம். இது கலாசாலை ஆசிரியர்கள் தம்முள் பேசிக்கொள்ளத் தக்கதன்றோ, நம் ஐந்தொழில் மரபினர் கூடியுள்ள இச்சபையில் இதற்கென்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். இன்று பிற்பகல் நம்முன் வரவிருக்கும் தீர்மானங்களுள் ஒன்று, நமது மாணாக்கர் விடுதியின் பின்கட்டிலுள்ள பழைய பட்டறைக் கொட்டகையைக் கடைகளாகப் பிரித்து வாடகைக்கு விடுவதைப் பற்றியது. அத்தீர்மானத்திற்கும் எமது விஷயத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதனை எடுத்துக்காட்டவே யாம் இம்மேடை ஏறினோம். சற்றுப் பொறுமையுடன் செவிசாய்க்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.

முதற்கண் இவ்வித்தை யாது என்பதைச் சுருங்கக் கூறுவோம். ஓர் உத்திரம் எவ்வளவு பாரம் தாங்கும், ஒரு குழாயில் எவ்வளவு நீர் பாயும் என்று கணக்கிடுவது ஒருவகைக் கல்வி. அக்கணக்கிற்கு விடை ஒன்றே. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவ்விடை அச்சிட்டிருக்கும். ஆனால், "இவ்வூர்ப் பெண்டிர்க்கு நீரிறைக்கத் தக்க கருவியொன்று செய்க" என்று சொன்னால், அதற்கு விடை ஒன்றன்று. எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அது கிடையாது. பயன்படுத்துவோர் யாவர், அவர்க்கு வேண்டுவது யாது, அவ்வேண்டுகையை எந்த அளவால் அளப்பது, எத்தனை வழிகளில் அதனை நிறைவேற்றலாம், அவற்றுள் தக்கது எது, மாதிரி செய்து சோதித்தால் எவ்விடத்தில் முறிகிறது, என்ன விலைக்கு அடங்கும், பழுதானால் யார் செப்பனிடுவார் என்னும் இவ்வளவையும் ஆராய்ந்து, முடிவில் ஒரு பொருளைக் கையில் கொண்டுவந்து வைப்பதே இவ்வித்தை. கார்ல் உல்ரிக், ஸ்டீவன் எப்பிங்கர் என்னும் அமெரிக்க ஆசிரியர் இருவர் இதனை முறைப்படுத்தி 1995ஆம் ஆண்டில் ஒரு பாடநூல் வெளியிட்டனர். நம் நாட்டுக் கலாசாலைகள் பலவற்றிலும் இது ஒரு பாடமாக இடம்பெற்றிருக்கிறது.

இவ்வரிசையைக் கேட்கும் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஏனெனில், இது நம் முன்னோர்க்குப் புதியதன்று. ஏர் செய்யக் கேட்டு வந்த குடியானவனிடம் தச்சர் என்ன கேட்டார்? "நன்செயா, புன்செயா? கரிசலா, செம்மண்ணா? மாடு எவ்வளவு உயரம்? உழுகிறவர் யார், நீரா, உம்முடைய மகனா?" என்று கேட்டார். மாட்டின் உயரத்திற்கும் நிலத்தின் தன்மைக்கும் ஏற்ப ஏர்க்கால் அமைந்தது. உழுகிறவன் கைக்கு ஏற்ப மேழி அமைந்தது. கொல்லர் அரிவாள் அடிக்கு முன், அறுப்பவர் வலக்கையரா இடக்கையரா என்று பார்த்தார். கருவி பொருந்தவில்லையானால், அடுத்த வெள்ளிக்கிழமையே அது பட்டறை வாசலுக்குத் திரும்பி வந்தது. கூடவே வசவும் வந்தது. ஆகவே, பயன்படுத்துவோனும் செய்வோனும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி நின்றனர். இன்று உலகத்துப் பெரிய கலாசாலைகள் மாணாக்கர்க்குப் பெருமுயற்சி செய்து புகட்டும் முதற் பாடம் இதுவே.

எனினும், பழம்பெருமை பேசி நிறுத்திவிட யாம் இங்கு வரவில்லை. நம் பழைய முறையில் குறைகளும் இருந்தன. அளவுகள் கையிலும் கண்ணிலும் இருந்தனவேயன்றி ஏட்டில் ஏறவில்லை. ஏன் இவ்வளவு கனம் என்று சீடன் கேட்டால், "என் தகப்பனார் அப்படித்தான் செய்தார்" என்பதே விடையாயிற்று. ஒரு வல்லார் மறைந்தால் அவர் வித்தையும் அவரோடு மறைந்தது. வித்தையைப் பிறர்க்குச் சொல்லலாகாது என்று மூடிவைத்தோம். வீட்டுப் பெண்மக்களுக்குக்கூடச் சொல்லிக்கொடுத்திலோம். கணக்கு இல்லாத கை, பழகிய வழியிலேயே நடக்கும். புதிய உலோகமோ புதிய தேவையோ வந்தபோது அது திகைத்து நின்றது. ஆலைப் பொருள் வந்து நம் உலைகளை அவித்ததற்கு இதுவும் ஒரு காரணமென்பதை மறைப்பதில் பயனில்லை.

இனி, கலாசாலையின் குறையைக் கூறுவோம். அங்குக் கணக்கு உண்டு, கை இல்லை. யாம் பல்லாண்டுகளாக இப்பாடத்தைக் கற்பித்து வருகிறோம். தொடக்கத்தில் யாமும் பிறரைப் போலவே கற்பித்தோம். பொருளாக்கத்தின் படிகள் இத்தனை என்று கரும்பலகையில் எழுதுவோம். மாணாக்கர் அதனைப் பார்த்தெழுதுவர். பரீட்சையில் "படிகளை விவரிக்க" என்று வினவுவோம். அவர்கள் விவரித்து நிறைந்த மார்க்குப் பெறுவர். நீந்துதலின் படிகளை மனப்பாடம் செய்தவனை நீச்சல் வல்லவன் என்று சான்றளித்தோம். அவருட் பலர் ஓர் ஆணியைக் கோணாமல் அடித்தறியார். தாம் வரைந்த படத்திலுள்ள துளைக்குள் திருப்புளி நுழையுமா என்று எண்ணிப் பாரார். எமது தவறு எமக்கே புலப்படச் சில ஆண்டுகள் ஆயின.

பிறகு யாம் முறையை மாற்றினோம். முதல் வகுப்பில் மேசைமேல் ஒரு செம்பை வைத்து, "இதனைச் செய்தவன் என்னென்ன எண்ணியிருப்பான்?" என்று கேட்கிறோம். இவ்வெண்ணம் எம்முடையதன்று. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் 1958ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தின் அழைப்பின்மேல் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினர். நாம் நாள்தோறும் கையாண்டு கவனியாமல் விடும் செம்பையே அவர்கள் சிறந்த வடிவத்திற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதன் கொள்ளளவு, எடை, கையில் அமையும் பாங்கு, நீர் வார்க்கும் வகை, துலக்கும் எளிமை, விலை என்று பல கோணங்களில் ஆராய்ந்தனர். அவ்வறிக்கையின் வழிவந்ததே 1961இல் ஆமதாபாத்தில் நிறுவப்பெற்ற தேசிய வடிவமைப்புக் கழகம். நம் கன்னார் தட்டி வளைத்த பாத்திரம் ஒரு பெருங் கல்விச்சாலைக்கு முதற்பாடமாயிற்று என்பதை எண்ணுங்கால் உவகை உண்டாகிறது. அதனை அயல்நாட்டார் வந்து எடுத்துக்காட்ட வேண்டியதாயிற்றே என்று எண்ணுங்கால் நாணமும் உண்டாகிறது.

செம்புப் பாடம் முடிந்ததும், மாணாக்கரை ஐவர் ஐவராகப் பிரித்துத் தெருவுக்கு அனுப்புகிறோம். அவர்கள் தம் கைப்பணத்தைக் கொண்டு அல்லற்படாதிருக்கச் சிறுதொகையும் கொடுக்கிறோம். ஒரு தொழிலாளியை அடுத்து, அவர் வேலையைப் பல நாள் கவனித்து, அவருக்கு உண்மையில் உதவும் ஒரு பொருளைச் செய்து, அவர் கையில் கொடுத்து, அவர் அதனை ஒரு திங்கள் பயன்படுத்திய பின்னரே மார்க்கு. இம்முறையில் நிகழ்ந்த ஒன்றை இங்குச் சொல்லுதல் தகும்.

ஒரு குழுவினர், தள்ளுவண்டியில் வைத்து இஸ்திரி போடும் முதியவர் ஒருவரைத் தேர்ந்தனர். கரியும் நெருப்பும் சேர அவருடைய இஸ்திரிப் பெட்டி ஏறக்குறைய ஏழு கிலோ நிறை இருந்தது. "இவ்வளவு பாரத்தை நாள் முழுதும் இழுக்கிறாரே, இலேசான பெட்டியொன்று செய்வோம்" என்று துணிந்து, மூன்று வாரம் உழைத்து, மெல்லிய தகட்டால் ஒன்று செய்து கொடுத்தனர். முதியவர் ஒரு சட்டையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, அதனைத் திரும்பக் கையில் கொடுத்தார். "தம்பி, பெட்டியின் கனம்தான் மடிப்பை அழுத்துகிறது. இதை வைத்துத் தேய்த்தால் நான் அல்லவா தோளால் அழுத்த வேண்டும்?" என்றார். மாணாக்கர் வாடிய முகத்தோடு எம்மிடம் வந்தனர். "மூன்று வாரம் வீணாயிற்று" என்றனர். "இல்லை, இன்றுதான் பாடம் தொடங்கிற்று, மீண்டும் சென்று பாருங்கள்" என்றோம்.

இம்முறை அவர்கள் யோசனை ஒன்றும் கூறாமல், பேசாது நின்று பார்த்தனர். துணியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் முதியவர் பெட்டியை உயரத் தூக்கி, பக்கத்திலிருந்த மேடான தாங்கியின்மேல் வைத்து, மீண்டும் தூக்கி இறக்கினார். ஒரு சட்டை முடிவதற்குள் எத்தனை முறை தூக்குகிறார் என்று எண்ணினர்; எண்ணிக்கை அவர்களையே திகைக்கச் செய்தது. வருத்தம் கனத்தில் இல்லை, தூக்குதலில் இருந்தது. ஆகவே, பெட்டியைத் தூக்காமல் நகர்த்தியே வைக்கும்படி, தேய்க்கும் பலகையின் மட்டத்திலேயே ஒரு தாங்கு அமைத்தனர். இரும்புத் தகட்டாற் செய்த அத்தாங்கு சூடேறி அடிப்பலகையைக் கருக்கிவிட்டது.

அக்குழுவில் நம் குலத்து இளைஞன் ஒருவன் இருந்தான். கலாசாலையிற் சேருங்கால் தந்தையின் தொழில் என்னுமிடத்தில் "சுயதொழில்" என்று எழுதியவன். அவன் தந்தை கொல்லர் என்பது ஈராண்டு உடன் பயின்ற நண்பர்க்கும் தெரியாது. கருகிய பலகையைக் கண்டு வேறு வழி தோன்றாமல், விடுமுறைக்கு ஊர் சென்றவன் தந்தையைக் கேட்டான். அவர் உலைக்களத்தை விட்டு எழாமலே, "தகட்டுக்கு அடியில் ஓட்டுத்துண்டு வை, ஓடு சூட்டை விடாது" என்றார். எத்துணைக் கனம் வைப்பது என்று கேட்டதற்கு, "வைத்துப் பார்" என்பதே அவர் விடை. மகன் திரும்பி வந்து, அனல் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கனத்தைக் கடக்கும் என்று தான் கற்ற சூத்திரத்தால் கணக்கிட்டான். இரண்டாம் மாதிரியில் பலகை கருகவில்லை. ஆனால், பெட்டி மோதி மோதி ஓடு விரிந்தது. மூன்றாம் மாதிரியில் ஓரத்திற்கு இரும்புப் பட்டையும் ஓட்டின்கீழ் மணற் படுகையும் அமைத்தனர். அது நிலைத்தது. முதியவர் அதனை இன்றும் பயன்படுத்துகிறார். அவ்வாண்டு இறுதியில் மாணாக்கர் தத்தம் வேலையை விளக்கும் நாளில் அவ்விளைஞன் தந்தையை அழைத்து வந்து, முன்வரிசையில் அமர்த்தி, "இவ்வோட்டு யோசனை என் தந்தையாருடையது" என்று எல்லோரும் கேட்கச் சொன்னான்.

அன்பர்களே! இந்நிகழ்ச்சியில் எமக்குப் புலப்பட்டது யாதெனில், தந்தையிடம் கையறிவு இருந்தது, ஆனால் அளவு இல்லை; மகனிடம் அளவு இருந்தது, ஆனால் ஓடு என்னும் யோசனை இல்லை. இரண்டும் கூடியபோதுதான் பொருள் பிறந்தது. தெருவிலுள்ள முதியவரின் வாய்ச்சொல் இல்லாதிருந்தால், இரண்டும் சேர்ந்து யாருக்கும் வேண்டாத ஒன்றைச் செய்திருக்கும்.

சிறு வேலையில் மட்டுமே இது மெய்யென்று எண்ணவேண்டா. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் 2007ஆம் ஆண்டில், ஏழை நாடுகளின் குறைமாதக் குழந்தைகளுக்கு மிகக் குறைந்த விலையில் வெப்பங்காக்கும் பெட்டி செய்க என்று ஒரு மாணாக்கர் குழுவுக்குப் பாடம் விதித்தனர். அவர்கள் நேபாளம் சென்று பார்த்தபோது, நகரத்து வைத்தியசாலையில் அத்தகைய பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. குழந்தைகளோ மின்சாரமில்லாத தொலைக் கிராமங்களில் பிறந்து இறந்தன. ஆகவே, விலைகுறைந்த பெட்டி என்னும் எண்ணத்தையே விட்டு, உருக்கிய மெழுகு போன்ற பொருளடங்கிய பையின் வெப்பத்தால் குழந்தையின் உடற்சூட்டைச் சில மணி நேரம் 37 பாகை அளவில் காக்கும் சிறு உறையொன்றைச் செய்தனர். பின்பு இந்தியக் கிராமத்தில் சோதித்தபோது மற்றொன்றும் தெரியவந்தது. வைத்தியர் சொன்ன அளவு மிகுதி என்று அஞ்சி, தாயொருத்தி தன் குழந்தைக்கு அதனைக் குறைத்தே வைப்பதாகச் சொன்னாள். ஆகவே, எண்களை நீக்கி, தக்க சூடு வந்ததா இல்லையா என்பதை மட்டும் காட்டும் அடையாளம் வைத்தனர். அத்தாயிடம் பேசாமல் இதனை எந்தச் சூத்திரத்தால் கண்டறிய இயலும்?

நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் கூறுவோம். நம் கிராமங்களில் பாறை துளைத்த கிணறுகளின்மேல் நிற்கும் கைப்பம்பை அறியாதார் இலர். 1960களின் பிற்பகுதியில் வறட்சி நீங்க ஆழ்துளைக் கிணறுகள் தோண்டினர். அவற்றின்மேல் வார்ப்பிரும்புப் பம்புகளை வைத்தனர். அவை மேனாட்டில் ஒரு குடும்பம் பயன்படுத்த வகுத்த வடிவத்தன. இங்கே ஓர் ஊரே விடியல்முதல் இரவுவரை அடித்தது. ஆகவே அவை விரைவில் முறிந்து கிடந்தன. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய ஊர்ப் பட்டறைகளில், எஃகாலும் சங்கிலியாலும் அமைந்த உறுதியான பம்புகளைச் செய்து பார்த்திருந்தனர். அவ்வழியைப் பின்பற்றி, 1970களில் யூனிசெப் நிறுவனமும், சென்னையிலிருந்த யந்திரவியல் ஆராய்ச்சி நிலையமும், ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலையும் கூடி "இந்தியா மார்க் 2" என்னும் பம்பை உருவாக்கின. அதனைக் கோயமுத்தூர்ப் பகுதியில் கிணறுகளின்மேல் வைத்துச் சோதித்த பின்னரே பெருவாரியாகச் செய்தனர்.

அதனோடும் வேலை முடிந்ததா? இல்லை. கிணற்றுக்குள் உள்ள ஒரு சிறு வாஷர் தேய்ந்தால், முழுக் குழாயையும் மேலே இழுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஆட்களும் வண்டியும் வேண்டும். ஊரார் நாட்கணக்கில் காத்துக்கிடந்தனர். ஆகவே, 1983 முதற்கொண்டு மீண்டும் கோயமுத்தூர்ப் பகுதியிலேயே சோதனைகள் நடத்தி, தோல் வாஷருக்குப் பதிலாக நீடித்துழைக்கும் ரப்பர் வாஷரை அமைத்தனர். குழாயை எடுக்காமலே உள்ளுறுப்பை மேலே வாங்கும் "மார்க் 3" வடிவத்தையும் ஆக்கினர். நீர் இறைக்கும் பெண் மட்டுமன்றி, பழுதுபார்க்கும் கையும் பயன்படுத்துவோருள் அடங்கும் என்பதே இதனால் பெறப்படும் பாடம். நம் மாணாக்கர் இதனைப் புத்தகத்தில் படித்தல் போதாது. பழைய பம்பு ஒன்றைக் கழற்றி, வாஷரைக் கையால் மாற்றிப் பார்த்தல் வேண்டும். அதற்கு ஓர் இடம் வேண்டுமன்றோ?

கையும் கல்வியும் கூடியதற்கு மற்றொரு சான்று, 1968ஆம் ஆண்டில் ஜெய்ப்பூரில் உருவான செயற்கைக் கால். மேனாட்டுச் செயற்கைக் கால் பூட்ஸுக்குள் அடங்கி நிற்பது. நம்மவரோ வெறுங்காலால் நடப்பர், குந்தியிருப்பர், சேற்றில் இறங்குவர். காலிழந்த ஏழைகள் அதனை மூலையில் போட்டுவிட்டு மீண்டும் ஊன்றுகோலைப் பற்றினர். ஆங்குள்ள ஸவாய் மான்சிங் வைத்தியசாலையில், பள்ளிப்படிப்பு மிகக் குறைந்த கைவினைஞராகிய ராம் சந்திர சர்மா என்பவரும், எலும்பு வைத்தியராகிய டாக்டர் பி. கே. சேத்தி அவர்களும் கூடி, ரப்பரும் மரமும் அச்சிலிட்டு, கால் போலவே தோன்றி எப்பக்கமும் வளையும் ஒன்றைச் செய்தனர். வைத்தியர் எலும்பும் மூட்டும் அறிந்தவர். கைவினைஞர் அச்சும் ரப்பரும் அறிந்தவர். ஒருவர் இன்றி மற்றவர் அதனைச் செய்திருத்தல் அரிது. 1981இல் டாக்டர் அவர்கட்கு மகசாசே விருது கிடைத்தது. அது தகுதியான பெருமையே. ஆயினும், சர்மாவின் பெயரை இச்சபையில் எத்தனை பேர் முன்பு கேட்டிருப்பீர்கள்? கையின் பெயர் மறைவதற்கு ஒரு காரணம், கையுடையார் பிள்ளைகளே அதனைச் சொல்ல நாணுவது என்பது எமது அபிப்பிராயம்.

ஜெர்மனியில் வைமார் நகரத்தில் 1919ஆம் ஆண்டு வால்டர் குரோப்பியஸ் என்பவர் பௌஹவுஸ் என்னும் கல்விச்சாலையை நிறுவியபோது, தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசான்களை வைக்கும் முறையை அமைத்தார். ஒருவர் வடிவம் கற்பிப்பவர். மற்றவர் கைத்தொழில் கற்பிப்பவர். மாணாக்கன் இருவரிடமும் பயின்றான். அச்சாலை 1933இல் மூடப்பட்டதாயினும், உலகத்து வடிவமைப்புக் கல்வி இன்றுவரை அதன் சுவட்டில் நடக்கிறது. இரட்டை ஆசான் என்னும் இவ்வழியையே நம் கொட்டகைக்கு யாம் முன்வைக்கிறோம்.

இனி, எமது வேண்டுகோளைத் தெளிவாகக் கூறுவோம். கொட்டகை முழுவதையும் வாடகைக்கு விடவேண்டா. தெருவை நோக்கிய முற்பகுதியைக் கடைகளாக்குக; அவ்வருவாய் உபகாரச் சம்பளத்திற்கு ஆகுக. உலையும் பணிமேசையும் உள்ள பிற்பகுதியை மாணாக்கர்க்கு விட்டுவைப்பீர்களாக. அங்கு வாரத்தில் இரு மாலை, நம் குலத்துக் கொல்லர், தச்சர், கன்னார், சிற்பியர், பொற்கொல்லருள் ஒரு பெரியவரும், எஞ்சினீயரிங் கற்ற ஒருவரும் சேர்ந்து கற்பிக்கட்டும். பெரியவருக்கு மரியாதையாகச் சம்பளமும் கொடுக்க வேண்டும். வித்தையை இலவசமாகக் கேட்பது அதனை மதியாததற்கு அடையாளம். அவர் கையால் செய்து காட்டும் ஒவ்வொன்றையும் மாணாக்கர் அளந்து, படம் வரைந்து, ஏன் அங்ஙனம் என்று வினவி, ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கட்டும். அக்குறிப்பேடு சங்கத்தின் சொத்தாக இருக்கட்டும். பெண்மக்கள் ஆண்மக்களோடு ஒப்ப அங்கு உளி பிடிக்கட்டும். நம் விடுதிப் பிள்ளைகளோடு பயிலும் மற்றக் குலத்து மாணாக்கர் வரினும் கதவைச் சாத்தவேண்டா. மூடிவைத்த வித்தை என்னவாயிற்று என்பதை முன்னரே கூறினோம். உபகாரச் சம்பளம் வழங்குங்கால் பரீட்சை மார்க்கை மட்டும் பாராமல், கையால் செய்து சோதித்த பொருளொன்றையும் கணக்கில் கொள்க.

சில ஆட்சேபங்களுக்கு விடை கூறுதல் எமது கடமை. "வாடகை குறையுமே" என்பர். குறையும், அதனை யாம் மறுக்கவில்லை. அக்குறைவு எத்தனை மாணாக்கர்க்கு உதவும் தொகை என்பதைப் பொக்கிஷதார் எமக்குக் காட்டியபோது யாமும் தயங்கினோம். ஆனால், அத்தொகையைக் கட்டிப் படித்து வெளிவருபவன் படம் மட்டும் வரையத் தெரிந்தவனாய் வேலைக்கு அலைகின்றான் என்பதையும் எண்ணவேண்டும். "பிள்ளைகள் அடிபட்டுக் கொள்வரே" என்பர். கண்ணாடியும் கையுறையும் தீயணைக்கும் மணலும் வைத்து, பெரியவர் இல்லாதபோது பட்டறையைப் பூட்டிவைத்தல் வேண்டும். இது விலக்க முடியாத நிபந்தனை.

மூன்றாவது ஆட்சேபம் நெஞ்சைத் தைப்பது. "உலையில் நாங்கள் வெந்தது போதாதா? பிள்ளையையும் அங்கேயா அனுப்புவது?" என்று ஒரு தாய் எம்மைக் கேட்டார். அவருடைய கணவர் தீப்பொறியால் ஒரு கண்ணை இழந்தவர். அத்தாய்க்கு எதிர்வாதம் சொல்ல எமக்கு நாவெழவில்லை. அன்றிரவெல்லாம் எண்ணிப் பார்த்தோம். அத்தாய் வெறுத்தது உழைப்பையன்று. கண்ணைக் காக்கும் ஒரு கருவி இல்லாமையையும், உழைத்தவனுக்கு ஊதியமும் மதிப்பும் இல்லாமையையுமே வெறுத்தார். அக்கருவியைச் செய்யத்தக்கவர் யார்? பட்டறையைப் புத்தகத்தில் மட்டும் கண்ட ஒருவரா? அன்றி, அத்தந்தையின் தோளருகே நின்று, பொறி எத்திசையில் தெறிக்கிறது என்று பார்த்து வளர்ந்து, பின் கணக்கும் கற்ற அவர் மகனா, மகளா? பிள்ளைகளைப் பழைய உலைக்கே திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. அவ்வுலை இனி ஒருவர் கண்ணையும் பறிக்காதபடி அதனை மாற்றி அமைக்கும் ஆற்றலோடு அவர்கள் ஒருமுறை அதன்முன் நிற்கட்டும் என்றே வேண்டுகிறோம்.

பெரியோர்களே! கொட்டகையின் சாவி இன்று உங்கள் கையில் இருக்கிறது. கடையாகப் பிரித்துவிட்டால் பணிமேசைகளும் துருத்தியும் பழைய இரும்பு வியாபாரியிடம் போகும். மறுபடி ஒரு பட்டறை அமைக்க நம் காலத்தில் இயலாது. பிற்பகலில் தீர்மானம் வரும்போது, "முழுவதும்" என்னும் சொல்லை "முற்பகுதி மட்டும்" என்று திருத்தி நிறைவேற்றுமாறு இச்சபையை வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறோம். வாக்களிக்கும் முன் ஒருமுறை பின்கட்டிற்குச் சென்று அவ்விடத்தைப் பார்த்து வருமாறும் வேண்டுகிறோம். பாராமல் முடிவு செய்தல் இவ்வித்தைக்கே விரோதமாகும்.